ஊதச் சொன்ன கதை

சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டவரிடம் 'எவ்வளவு குடிச்சீங்க?' என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். 'ரெண்டுதான்.' ரெண்டு டின், ரெண்டு கிளாஸ், ரெண்டு பெக். மூன்று என்று ஒப்புக்கொண்டவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. மூச்சில் மதுவை அளக்கும் கருவியின் வரலாறு, இந்த 'ரெண்டு' என்ற சொல்லை நம்ப முடியாமல் போனதிலிருந்து தொடங்குகிறது. பின்னாளில் அதே கருவியைக் காரின் சாவியோடு சேர்த்துக் கட்டினார்கள். ஊதி, மூச்சு சுத்தமாக இருந்தால்தான் என்ஜின் கிளம்பும். சாட்சி சொல்ல வந்த கருவி இப்போது வாசலில் காவலுக்கு நிற்கிறது. இது எப்படி நடந்தது, யாருக்கெல்லாம் அந்தக் காவல் தேவை என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

குதிரைக்கு வழி தெரியும்

பிரிட்டனின் 1872ஆம் ஆண்டு மது உரிமச் சட்டம், பொதுச் சாலையில் வண்டி, குதிரை, மாடு, நீராவி எந்திரம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் போதையில் இருப்பதைக் குற்றமாக்கியது. அந்தப் பட்டியலில் கார் இல்லை, ஏனென்றால் அப்போது கார் என்ற ஒன்றே இல்லை. குதிரை வண்டிக்காரர் போதையில் கண்ணயர்ந்தாலும் குதிரைக்கு வழி தெரியும். பள்ளத்தைக் கண்டால் அது நிற்கும். நம் தாத்தாக்கள் சொன்ன மாட்டுவண்டிக் கதைகளிலும் ஆளைப் பத்திரமாக வீடு சேர்ப்பது மாடுதான். மோட்டார் வந்தபோது வண்டியிலிருந்த அந்த இரண்டாவது மூளை காணாமல் போய்விட்டது.

1897 செப்டம்பர் 10ஆம் தேதி, லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்ஸி ஓட்டுநர் தன் வண்டியை நியூ பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் மோதினார். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகக் கைதான முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் ஓட்டியது மின்சார டாக்ஸி என்பதை இன்று படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஸ்மித் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். வழக்கு அதோடு முடிந்தது.

ஒப்புக்கொள்ளாதவரை என்ன செய்வது? அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் போலீஸ்காரரின் மூக்கும் மருத்துவரின் கண்ணும்தான் கருவிகள். வாயை முகர்ந்து பார்ப்பார்கள். தரையில் கோடு போட்டு நடக்கச் சொல்வார்கள். நாக்குச் சுளுக்கும் வாக்கியம் ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள். நமக்கென்றால் ல, ள, ழ மூன்றும் வருகிற ஒரு வரி போதும். குடிக்காதவர்களிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

அதில்தான் சிக்கல். பழகிய குடிகாரர் கோட்டில் நேராக நடந்துவிடுவார். திக்குவாய் உள்ளவரும், தலையில் அடிபட்டவரும், சர்க்கரை திடீரென இறங்கிப்போன நீரிழிவு நோயாளியும் மாட்டிக்கொள்வார்கள். முகர்ந்து பார்ப்பவர் ஆளின் சட்டையையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். நல்ல கோட்டு போட்டவர் தள்ளாடினால் 'உடம்பு சரியில்லை' என்று தோன்றும். கூலி வேலை செய்பவர் தள்ளாடினால் 'போதை' என்று தோன்றும். மூச்சை எண்ணாக மாற்றும் முயற்சியைக் குடிகாரர்களைப் பிடிக்கும் முயற்சியாக மட்டும் பார்க்க முடியாது. குடிக்காதவரைக் காப்பாற்றும் முயற்சியும் அதற்குள் இருந்தது.

பந்துக்குள் பிடித்த மூச்சு

குடித்த மது கொஞ்சம் மூச்சு வழியாக வெளியேறுகிறது என்பதை 1874இல் லண்டன் மருத்துவர் பிரான்சிஸ் ஆன்ஸ்டி எழுதிவைத்தார். 1922இல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க், விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தத்திலேயே மதுவை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் நடுரோட்டில் ரத்தம் எடுக்க யார் சம்மதிப்பார்கள்? 1927இல் லாஸ் ஏஞ்சலஸில் எமில் போகன் என்ற மருத்துவர், கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையில் ஆட்களை ஊதச் சொன்னார். அந்தக் காற்றை டைகுரோமேட் கலந்த கந்தக அமிலத்தின் வழியாக விட்டார். மஞ்சள் நிறம் பச்சையாக மாறியது. எவ்வளவு மாறியது என்பதை வைத்து எவ்வளவு மது என்று கணக்கிட்டார்.

மூச்சு எப்படி ரத்தத்துக்குச் சாட்சி சொல்லும் என்று கேட்கலாம். நுரையீரலின் அடியில் உள்ள காற்றறைகளின் சுவர் மிக மெல்லியது. அங்கே ரத்தத்திலிருக்கும் மது ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. மூடிய பாட்டிலில் திரவத்துக்கும் மேலே உள்ள ஆவிக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிலையான விகிதம் இருக்கும் அல்லவா, அதே கதைதான். மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் வெளிவருகிறது. அந்த நிலையில் 2100 மில்லிலிட்டர் ஆழ்மூச்சில் இருக்கும் மது, 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் மதுவுக்குச் சமம் என்று அமெரிக்காவில் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டன் பின்னர் 2300 என்ற விகிதத்தைப் பிடித்தது. ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும். ஆக, சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது எந்தத் தனி மனிதரின் நுரையீரலும் இல்லை, ஒரு சராசரி நுரையீரல்.

'ஆழ்மூச்சு' என்பது முக்கியம். லேசாக ஊதினால் வருவது வாய்க்காற்று. அதில் இப்போதுதான் கொப்பளித்த மவுத்வாஷின் மது இருக்கலாம். இருமல் மருந்து, மலாய்க்காரர்கள் செய்யும் தாப்பாய் என்ற புளிக்கவைத்த இனிப்புச் சோறு எல்லாமே வாயில் தடம் விடும். வாயில் தங்கிய மது சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். ரத்தத்தில் கலந்தது அப்படிப் போகாது. முறையான பரிசோதனையில் காத்திருக்க வைப்பது இதற்காகத்தான். போலீஸ்காரர்கள் 'இன்னும், இன்னும், விடாம ஊது' என்று கத்துவதும் நுரையீரலின் அடிக்காற்று வரவேண்டும் என்பதற்காகத்தான்.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் ரோலா ஹார்கர் 1930களில் செய்த 'டிரங்கோமீட்டர்'தான் போலீஸ் கையில் கிடைத்த முதல் உருப்படியான கருவி. பலூனில் ஊத வேண்டும். அந்தக் காற்று ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலுக்குள் போகும். மது இருந்தால் ஊதா மறையும். 1938 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இண்டியானாபொலிஸ் போலீஸ் இதைக் களத்தில் இறக்கியது. அடுத்த ஆண்டு இண்டியானா மாநிலம் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 150 மில்லிகிராம் மது என்று ஒரு வரம்பைச் சட்டத்தில் எழுதியது. இன்றைய மலேசிய வரம்பு 50 மில்லிகிராம். மூன்று மடங்கு குடித்திருந்தால்தான் அன்றைக்குக் குடிகாரர். நார்வே 1936லேயே 50 என்று வைத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹார்கரோடு வேலை செய்தவர் ராபர்ட் போர்கென்ஸ்டீன். இண்டியானா மாநிலப் போலீஸின் ஆய்வுக்கூடத்துக்குப் புகைப்படத் தொழில்நுட்பம் வழியாக வந்தவர். அவரது முக்கியமான கண்டுபிடிப்பு வந்தபோது கையில் பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லை. 1954இல் அவர் செய்த 'பிரீதலைசர்' இன்று ஒரு பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அது ஊதும் மூச்சின் கடைசிப் பகுதியிலிருந்து 52.5 மில்லிலிட்டர் மட்டும் பிடித்துவைக்கும். 2100ஐ 40ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த எண். பிடித்த காற்று ஒரு கண்ணாடிக் குப்பியிலுள்ள டைகுரோமேட்டுக்குள் போகும். பக்கத்தில் தொடாத குப்பி ஒன்று இருக்கும். இரண்டு குப்பிகள் வழியாக வரும் ஒளியை இரண்டு ஒளிமின்கலங்கள் ஒப்பிடும். நிறம் எவ்வளவு மாறியது என்று மனிதக் கண் தீர்மானிக்கும் வேலை அதோடு முடிந்தது. புகைப்படக்காரருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஒளியை அளப்பதுதானே அவர் தொழில்.

அளக்க முடிந்தது சரி, எந்த அளவு ஆபத்து? அதையும் போர்கென்ஸ்டீனே எடுத்துச் செய்தார். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1962, 63இல் விபத்தில் சிக்கிய சுமார் 6,000 ஓட்டுநர்களின் மூச்சையும், அதே மாதிரி இடத்தில், அதே மாதிரி நேரத்தில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த 7,500க்கும் மேற்பட்டவர்களின் மூச்சையும் ஒப்பிட்டார். 1964இல் முடிவு வந்தது. 80 மில்லிகிராமைத் தாண்டினால் விபத்து அபாயம் சட்டென்று ஏறுகிறது. 100இல் ஆறு மடங்குக்கு மேல், 150இல் சுமார் 25 மடங்கு. அன்றைய இண்டியானா சட்டம் 'பரவாயில்லை' என்று விட்டுவைத்த இடத்தில் இத்தனை மடங்கு அபாயம் இருந்திருக்கிறது.

அந்த ஆய்வில் ஒரு வினோதமும் உண்டு. மிகக் கொஞ்சம் குடித்தவர்களின் அபாயம் குடிக்காதவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தது. 'ரெண்டு போட்டாத்தான் எனக்கு ஸ்டெடியா இருக்கும்' என்பவர்களுக்கு அறிவியலே கை கொடுத்த மாதிரி ஆனது. பிறகு பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அடிக்கடி குடிப்பவர்களையும் எப்போதாவது குடிப்பவர்களையும் ஒரே கூடையில் போட்டதால் வந்த மாயை அது. குழுக்களைத் தனித்தனியாகப் பார்த்தால், குடி ஏற ஏற அபாயமும் ஏறத்தான் செய்தது.

கார் ஓட்டாத அமைச்சர்

இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டமாக்கியவர் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசல். அவர் கார் ஓட்டமாட்டார். பெண், அதிலும் கார் ஓட்டாத பெண், ஆண்களின் பப்புக்குள் வந்து கணக்குக் கேட்கிறார் என்று ஏச்சுக் கடிதங்கள் குவிந்தன. 1967 அக்டோபர் 9 முதல் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. சாலையோரத்தில் போலீஸ் கொடுத்தது ஒரு கண்ணாடிக் குழாயும் பையும். ஊதினால் குழாயில் மஞ்சள் படிகம் பச்சையாகும். முதல் ஆண்டிலேயே சாலை மரணம் 1,100க்கும் மேல் குறைந்தது.

முதலில் காசல் கேட்டது யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும் அதிகாரம். எதிர்ப்பு பலமாக வந்ததால் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. விபத்தில் சிக்கியவர், போக்குவரத்து விதியை மீறியவர், குடித்திருப்பதாகச் சந்தேகப்பட நியாயம் உள்ளவர் இவர்களை மட்டும்தான் ஊதச் சொல்லலாம் என்று ஆனது. ஆக, எண் வந்த பிறகும் சந்தேகம் மனிதரிடமே இருந்தது. கருவி எல்லோரையும் ஒரே மாதிரி அளக்கும். ஆனால் யாருடைய வாயில் அதை வைப்பது என்பதைப் பழைய கண்ணும் பழைய மூக்கும்தான் முடிவு செய்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1976இல் சந்தேகம் எதுவும் தேவையில்லை, வரிசையில் வரும் எல்லோரும் ஊதலாம் என்று மாற்றியது. நியூ சவுத் வேல்ஸ் 1982இல் அதைப் பின்பற்றியது. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். எல்லோரும் ஊதும்போது ஊதுவது அவமானமாக இருப்பதில்லை.

சாவிக்கும் என்ஜினுக்கும் நடுவே

சாலையோரச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. வண்டி ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. போலீஸ் நிற்கும் இடத்துக்கு முன்னாலேயே விபத்து நடந்துவிட்டால் சோதனை வெறும் ஆவணம்தான். அப்படியானால் வண்டி கிளம்பும் முன்பே சோதித்தால் என்ன என்று 1969இல் அமெரிக்காவில் போர்க்-வார்னர் நிறுவனம் யோசித்தது. ஜெனரல் மோட்டார்ஸும் அதே காலத்தில் 'பிஸ்டெஸ்டர்' என்ற ஒன்றைச் செய்து பார்த்தது. இவை மூச்சை அளக்கவில்லை, திறமையை அளந்தன. டாஷ்போர்டில் சில எண்கள் மின்னும், ஓட்டுநர் அவற்றை நினைவு வைத்து அதே வரிசையில் அழுத்த வேண்டும். தவறினால் கார் கிளம்பாது.

கோட்டில் நடக்கச் சொன்ன பழைய முறையை மின்னணுவில் திரும்பச் செய்திருந்தார்கள். அதனால் பழைய கோளாறும் கூடவே வந்தது. பயிற்சி உள்ள குடிகாரர் தேறினார். குடிக்காத, ஆனால் தூக்கக் கலக்கத்திலோ பதற்றத்திலோ இருந்தவர் தோற்றார். பிரசவ வலியில் இருக்கும் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைக்கும் கணவர் ஐந்து எண்களைச் சரியாக அழுத்துவாரா? திறமையைச் சோதித்தால் சரிவராது, மதுவைத்தான் சோதிக்க வேண்டும் என்று அந்தப் பாதை அங்கே முடிந்தது.

மதுவைச் சோதிக்கக் காருக்குள் அடங்கும் சிறிய சென்சார் வேண்டும். ஜப்பானில் நவோயோஷி தகுச்சி 1960களில் கண்டுபிடித்த டின் ஆக்சைடு சென்சார் மலிவாக அதைத் தந்தது. பொறியியல் படித்தவர்களுக்கு இதன் வாரிசைத் தெரிந்திருக்கும்: எம்கியூ-3. இணையத்தில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். ஆர்டுயினோ, ஒரு ரிலே, ஒரு குட்டி மோட்டார் இருந்தால் 'குடித்தால் ஓடாத கார்' என்று இறுதியாண்டுத் திட்டம் தயார். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பிலேயே இரண்டு குழு அந்தத் தலைப்பை எடுத்தது. செயல்விளக்கத்துக்கு யாரும் குடித்துவிட்டு வரமாட்டார்கள். பஞ்சில் கைச் சானிடைசரை நனைத்து சென்சார் முன்னால் காட்டுவார்கள். சிவப்பு விளக்கு எரியும், மோட்டார் நிற்கும், எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஆனால் சானிடைசருக்கு நிற்கும் கருவி வாசனைத் திரவியத்துக்கும் நிற்கும், பெட்ரோல் ஆவிக்கும் நிற்கும், சிகரெட் புகைக்கும் தடுமாறும். அந்தச் சென்சாரின் இயல்பு அப்படி. சூடான ஆக்சைடு மேற்பரப்பில் எரியக்கூடிய எந்த ஆவி பட்டாலும் மின்தடை மாறும். எந்த ஆவி என்று அதற்குத் தெரியாது. 1980களில் வந்த முதல் தலைமுறைப் பூட்டுகள் பல இந்தச் சென்சாரோடு வந்து, இந்தக் காரணத்தாலேயே பெயரைக் கெடுத்துக்கொண்டன.

இதைத் தீர்த்தது எரிமின்கலம். இரண்டு பிளாட்டினம் மின்வாய்கள், நடுவே அமிலம் ஊறிய ஒரு துண்டு. மூச்சில் வரும் மது ஒரு மின்வாயில் அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலமாக மாறும்போது எலெக்ட்ரான்களை விடுகிறது. எவ்வளவு மதுவோ அவ்வளவு மின்சாரம். நீரிழிவு நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனை இது கண்டுகொள்வதில்லை. வேல்ஸில் டாம் பாரி ஜோன்ஸின் லயன் லேபரட்டரிஸ் 1970களில் இதை போலீஸ் கைக்கு அடக்கமான மின்னணுக் கருவியாக்கியது. 1990களில் காரின் பூட்டுக்குள்ளும் இது வந்தது. 1992இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பூட்டுகளுக்கான மாதிரி விதிமுறைகளை வெளியிட்டது.

அடுத்து வந்த பிரச்சினை மனிதர்களின் மூளை. நண்பரை ஊத வைத்தார்கள். பலூனில் காற்று பிடித்துவைத்து அழுத்தினார்கள். வடிகட்டி செருகினார்கள். பொறியாளர்கள் பதிலுக்கு மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பார்க்க வைத்தார்கள். ஊதும்போதே தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஓசை எழுப்பு, ஊதிவிட்டு உடனே உள்ளே இழு என்று பழக்கம் வைத்தார்கள். வாசலில் வேறொருவரை ஊதவிட்டு ஓட்டக்கூடாது என்பதற்காக ஓடும்போது இடையிடையே திரும்ப ஊதச் சொன்னார்கள். இந்த மறுசோதனையில் தோற்றால் என்ஜின் நிற்காது. விளக்கு மின்னும், ஹாரன் அலறும், கருவி அதைப் பதிந்துகொள்ளும். நெடுஞ்சாலை நடுவில் என்ஜினை அணைப்பது குடிகாரரைவிடப் பெரிய ஆபத்து. பிறகு கேமராவும் வந்தது. ஊதியவர் முகமும் பதிவாகும்.

யார் ஊத வேண்டும்?

கலிபோர்னியாவில் 1986ஆம் ஆண்டின் பார்-டேவிஸ் சட்டம் நான்கு மாவட்டங்களில் இந்தப் பூட்டைச் சோதித்துப் பார்க்க அனுமதித்தது. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும். 2005இல் நியூ மெக்சிகோ, முதல் முறை மாட்டியவருக்கும் கட்டாயம் என்றது. பெரும்பாலும் பொருத்தும் செலவையும் மாத வாடகையையும் ஓட்டுநரே கட்ட வேண்டும். பணம் இல்லாதவருக்கு அது இரண்டாவது அபராதம்.

பலன் இருந்ததா? இருந்தது. பூட்டு பொருத்தியிருக்கும் காலத்தில் அவர்கள் மீண்டும் அதே குற்றத்தில் பிடிபடுவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பூட்டைக் கழற்றியதும்? எண்ணிக்கை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கருவி குடியை நிறுத்துவதில்லை, அந்த ஒரு பயணத்தை நிறுத்துகிறது. அதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கருவியின் நேர்மையாகப் படுகிறது. அது ஆளைத் திருத்துவதாக எங்கும் சொல்லவில்லை. திருத்த வேண்டியது மருத்துவம், குடும்பம், சமூகம்.

இன்னொரு குறை முக்கியமானது. தண்டனை பெற்றவருக்கு மட்டும் என்றால் முதல் விபத்தை இது தடுக்காது. 1988 மே 14 இரவு, கென்டக்கி மாநிலத்தின் கரோல்டன் அருகே போதையில் இருந்த ஒருவரின் பிக்கப் வண்டி எதிர்த்திசையில் வந்து ஒரு தேவாலயப் பேருந்தில் மோதியது. பேருந்து தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். இப்படி ஓர் இரவுக்கு முன்னால், தண்டனை பெற்றவர் பட்டியல் என்ன செய்யும்?

அப்படியானால் எல்லாக் காரிலும் வைத்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கர்களுக்கு அதில் ஒரு பழைய காயம் இருந்தது. 1974 மாடல் கார்களில் சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கிளம்பாது என்ற பூட்டைக் கட்டாயமாக்கினார்கள். இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் கார் முரண்டு பிடித்தது. மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றமே அந்தக் கட்டாயத்தைச் சட்டம் போட்டு நீக்கியது. சீட் பெல்ட் உயிரைக் காக்கும் என்பதை மறுத்தவர்கள் குறைவு. 'என் கார் எனக்கு உத்தரவு போடுவதா' என்பதுதான் கோபம். மதுப் பூட்டு இத்தனை காலம் குற்றவாளிகளோடு மட்டும் நின்றதற்கு அந்த நினைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2021இல்தான் அமெரிக்கா புதிய கார்களில் போதை ஓட்டத்தைத் தடுக்கும் தொழில்நுட்பத்துக்கு விதி வகுக்கச் சொல்லிச் சட்டம் இயற்றியது. அதுவும் ஊதுகுழல் இல்லாமல், ஓட்டுநர் தானாக எதுவும் செய்யத் தேவையில்லாத முறை வேண்டும் என்கிறது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. ஸ்வீடன் 1999இல் சோதனை முயற்சியைத் தொடங்கியபோதே பேருந்து, லாரி, டாக்ஸிகளிலும் பூட்டைப் பொருத்திப் பார்த்தது. அங்கே ஊதியவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். பின்லாந்து 2011 ஆகஸ்ட் முதல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வாகனங்களில் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் 2015 செப்டம்பர் முதல் கோச் பேருந்துகளில் எல்லாம் இருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும், வேண்டும்போது பூட்டைப் பொருத்துவதற்கான இணைப்பு வசதி இருந்தாக வேண்டும்.

நம் பக்கம்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிரிட்டனின் எண்களையே வைத்திருந்தது: மூச்சில் 35 மைக்ரோகிராம், ரத்தத்தில் 80 மில்லிகிராம். 2020 மே மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சாலை காலியாக இருந்தபோதே போதை விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. சாலைத் தடுப்பில் பணியிலிருந்த போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார். நாடே கோபப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 23 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மூச்சில் 22, ரத்தத்தில் 50. ரத்த அளவை மைக்ரோகிராமாக்கி 22ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 2300 வரும். அதே சராசரி நுரையீரல் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மரணம் விளைவித்தால் முதல் முறைக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் அபராதம்.

இந்தத் திருத்தத்தின் முழுப் பாரமும் தண்டனையின் மேல் இருக்கிறது. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'காடி என் கண்ட்ரோல்லதான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்புகிறவர், அந்த நிமிடத்தில் 15 ஆண்டைக் கணக்குப் போடும் நிலையில் இல்லை. கணக்குப் போடும் பகுதியைத்தான் மது முதலில் தூங்க வைக்கிறது. தண்டனை விழித்திருக்கும் மூளையோடு பேசுகிறது. பூட்டுக்கு எதிரில் இருக்கும் மூளை விழித்திருக்கத் தேவையில்லை.

நமக்கும் இந்தக் கேள்வி புதியதல்ல. தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் கண் பார்வையிலேயே இருந்தது, கள் உரிமத்தில் அரசாங்கத்துக்கு வருமானமும் இருந்தது. பிறகு 'குடிகாரக் கூலி' என்ற பெயரையும் நமக்கே கொடுத்தார்கள். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரைமார்களுக்கும் கிராணிமார்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. இரண்டும் ஒரே தாளில் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 'எங்களைத் தடுக்கும் பூட்டு ஒன்று வேண்டும், ஆனால் எங்களை மட்டும் இறக்கிவிடும் வழக்கம் வேண்டாம்' என்று அந்தத் தொழிலாளர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மதுப் பூட்டைப் பற்றி இன்றைக்குப் பேசுவதற்கும் இந்த இரண்டு கோரிக்கைகளே எனக்குப் போதுமான அளவுகோல். குற்றவாளிக்கு மட்டும் என்றால் அது முத்திரை குத்தும் வேலை, செலவை அவன் தலையில் கட்டினால் ஏழைக்குக் கூடுதல் முத்திரை. அரசாங்கமோ காப்பீட்டு நிறுவனமோ ஒவ்வொருவரின் மூச்சுக் கணக்கையும் சேர்த்துவைக்கும் என்றால் அதற்கு நானும் சம்மதிக்க மாட்டேன். ஊதியதை அந்த நிமிடமே பார்த்து அந்த நிமிடமே மறந்துவிடும் கருவியைச் செய்வது கடினமான பொறியியல் இல்லை. தொடங்க வேண்டிய இடமும் தெளிவாகவே இருக்கிறது. அடுத்தவர் உயிரைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள்: இரவு விரைவுப் பேருந்து, பள்ளி வேன், கனரக லாரி.

பின்லாந்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் காலையில் வந்து கண்ணாடியைத் துடைக்கிறார், டயரைப் பார்க்கிறார், ஊதுகிறார், கிளம்புகிறார். யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. டயரைப் பார்ப்பதால் டயருக்கு அவமானம் இல்லை.